சந்திரமதி வீட்டுக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் சந்திரமதியைத் தெரியாதவர்கள் குறைவு. ஆயா வேலை பார்த்தவள். மலாக்கா டவுனிலும் கிளேபாங் கடலோர பங்களாக்களிலுமாகப் பதினோரு வெள்ளைக்காரக் குழந்தைகளை வளர்த்திருக்கிறாள். ஊட்டுவதும் தாலாட்டுவதும் எந்த ஆயாவும் செய்வதுதான். சந்திரமதியின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. பீங்கான் சட்டியில் குழந்தையை உட்காரவைத்துப் பழக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்றரை வயதுப் பிள்ளையை அவள் கையில் கொடுத்தால் பதினைந்தே நாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மெத்தையை நனைத்ததாகச் சரித்திரமே இல்லை. மேம்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லி அவளைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இப்படிப்பட்டவள் ஒரு பூனையைக் கக்கூஸுக்குப் போகப் பழக்கினாள் என்றால் அதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது? பழக்கியதில் ஒன்றுமில்லை. பழகிய பிறகு அந்தப் பூனை செய்ததுதான் கதை.

அது ஐம்பத்தேழாம் வருஷம். ஆகஸ்ட் முடியும்போது மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. கிளேபாங் பங்களா மேம் ஜூன் மாதமே மூட்டை கட்டிவிட்டாள். போகும்போது சந்திரமதிக்கு ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு குடையும், சாம்பல் நிறத்தில் ஒரு கடுவன் பூனையும் கொடுத்துவிட்டுப் போனாள். பூனைக்கு அவர்கள் வைத்த பேர் யார் வாயிலும் நுழையவில்லை. "துரைமாரெல்லாம் கப்பல் ஏறிட்டாங்க, நீ ஒருத்தன்தான் மிச்சம்" என்று சொல்லி, சந்திரமதி அதற்குத் துரை என்றே பேர் வைத்துவிட்டாள்.

பங்களாவில் துரைக்கு மணல் பெட்டி இருந்தது. இங்கே அதற்கெல்லாம் எங்கே போவது? சந்திரமதியும் மகள் ஜெயாவும் குடியிருந்தது கம்போங் செட்டிக் குடியிருப்பில், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்து வீட்டின் பின்பாதியில். முன்பாதியில் வீட்டுக்காரி. அவளை எல்லோரும் நோனா என்றே கூப்பிடுவார்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய், உடுத்துவது கெபாயா. வந்த மூன்றாம் நாளே துரை, நோனாவின் சாமி அறையில் விளக்குக்குப் பக்கத்திலேயே தன் வேலையை முடித்துவிட்டது. நோனா கத்தவில்லை. வந்து நின்றாள். "ஒண்ணு பூனை இருக்கட்டும், இல்ல நீ இரு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாள். பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் வீடு. ஜெயா பிறந்ததே அங்கேதான்.

சந்திரமதிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பதினோரு வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தவ, இந்த நாலுகால் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க மாட்டேனா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அந்த வீட்டுக் கக்கூஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கொல்லையில், செம்பருத்திச் செடிக்கு அந்தப் பக்கம், மூன்று படி ஏறிப் போகவேண்டும். சிமெண்டுத் தரையில் ஓர் ஓட்டை, அதற்குக் கீழே வாளி. வாளி எடுப்பவர் விடியுமுன் சந்துப் பக்கமாக வந்து எடுத்துப் போவார். இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். முன்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருகிறவர் கதவைத் தட்டவேண்டும். உள்ளே ஆள் இருந்தால், தண்ணீர் மொள்ளும் பால் டின்னால் சுவரில் ஒரே ஒரு தட்டு. ஆள் இருக்கிறது, பொறு என்று அர்த்தம். அங்கே உட்கார்ந்துகொண்டு வாயால் பதில் சொல்வது மரியாதை இல்லை என்பது நோனாவின் கட்டளை.

ஜெயா வயசுக்கு வந்த நாளிலிருந்து தாழ்ப்பாளுக்காகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். நோனாகூட, "போட்டுக்கோயேன்" என்று சொல்லியாயிற்று. சந்திரமதிதான் ஒரே பிடியாக வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் முகம் கல்லாகிவிடும். அப்புறம் அன்றைக்கு முழுக்க அவளிடம் பேச முடியாது.

துரையின் படிப்பு அந்தக் கதவிலிருந்துதான் ஆரம்பித்தது. ஒரு தகரத் தட்டில் மணலைப் பரப்பி முதல் வாரம் படிக்குக் கீழே வைத்தாள். அடுத்த வாரம் படிமேல். அப்புறம் கதவுக்கு உள்ளே. அப்புறம் ஓட்டையின்மேல். பிறகு தட்டின் நடுவே சின்னதாக ஒரு துளை வெட்டி, நாளுக்கு நாள் துளையைப் பெரிதாக்கி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். தினமும் சோறு தின்றதும் துரையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். பூனையே ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே? கதவை மூன்று தட்டு, ஒரே சீராகத் தட்டுவாள். உள்ளே டின் சத்தம் கேட்கவில்லை என்றால் திறந்து, துரையை இறக்கிவிட்டு, குழந்தைகளுக்குச் சொல்லும் அதே "ஸ்ஸ்ஸ்..." சொல்லுவாள். ஜூலை முடிவதற்குள் தட்டையே எடுத்துவிட்டாள். துரை ஓட்டையின் இரு பக்கமும் கால் பரப்பி, ஏதோ கவர்மெண்டு உத்தியோகஸ்தர் மாதிரி நேர்ப் பார்வையுடன் உட்கார்ந்தது.

அதோடு விட்டதா? தானாகவே கொல்லைக்குப் போய், படியேறி, முன்னங்காலால் கதவைத் தட்டவும் கற்றுக்கொண்டது. கதவு கொஞ்சம் ஆட்டம் கண்ட கதவு. பூனை அடித்தாலும் டொக், டொக், டொக் என்று நன்றாகக் கேட்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோனாவே சிரித்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில்தான் ஜெயாவுக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை மாணிக்கவாசகம், செங் என்கிற ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன். அவன் அம்மா அஞ்சலையும் மோசமில்லை, ஆனால் எதையும் நேராகக் கேட்டுவிடுகிற ஆள். தாம்பூலம் மாற்றிய கையோடு கேட்டாள்:

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. கல்யாணக் கார்டுல பொண்ணோட அப்பா பேர எப்படிப் போடுறது? திரு போடுறதா, காலஞ்சென்ற போடுறதா? திருன்னு போட்டா, ஆள் எங்கன்னு நாலு பேர் கேப்பாங்க. காலஞ்சென்றன்னு போட்டா, நீங்க கழுத்துல தாலியோட நிக்கிறீங்க. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிச் சொல்லுங்க. இல்லன்னா எங்க பக்கத்து ஆளுங்க வாயை என்னால அடைக்க முடியாது."

விசாரித்துச் சொல்கிறேன் என்று சமாளித்தாள் சந்திரமதி. பதினான்கு வருஷமாக அவளே தன்னிடம் கேட்டுக்கொள்ளப் பயந்த கேள்வி அது.

அவள் புருஷன் சேதுபதி பஸ் கம்பெனியில் மெக்கானிக். ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றில் ஒரு நாள் காலை, சிநேகிதன் ராஜரத்தினத்தோடு செங் பக்கம் மரவள்ளிக் கிழங்கு வாங்கச் சைக்கிளில் போனான். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் லாரி வழியில் வந்தது. சேதுபதி பிடிபட்டதை ராஜரத்தினம் தப்பித்து வந்து சொன்னான். சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். ஒருத்தன், சேதுபதியைக் காய்ச்சலோடு ஒரு காம்பில் பார்த்தேன், பிழைத்திருக்க மாட்டான் என்றான். இன்னொருத்தன், பாங்காக்கில் கடை வைத்திருக்கிறான், கண்ணால் பார்த்தேன் என்றான். ஊரில் மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தாலியைக் கழற்றிக் காரியம் செய்துவிட்டார்கள். சந்திரமதி மட்டும் பொட்டை அழிக்கவில்லை.

கோயில் பண்டாரம் வழி சொன்னார். பன்னிரண்டு வருஷம் தாண்டிவிட்டது, தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கடலில் கரைத்துவிட்டால் மூன்று நாள் தீட்டோடு முடிந்துவிடும், ஆவணி கடைசி ஞாயிறு கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை என்றார். சொல்வது அவருக்குச் சுலபம். உயிரோடு இருக்கும் ஒருவரை எரித்துவிட்டால்? அந்தப் பாவத்தை எந்தக் கடலில் கரைப்பது?

கார்டு அடிக்கும் நாகூர் மீரான் பாய் கணக்காகச் சொல்லிவிட்டார். "அக்கா, ஊர் முழுக்க மெர்டேக்கா நோட்டீசு. மிஷின் ஓயல. வெள்ளி, சனி கடை கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடுங்க. மத்ததெல்லாம் எழுத்துக் கோத்து வச்சிட்டேன்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. சந்திரமதி வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். நல்ல மத்தியானம், கொல்லையில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. கக்கூஸ் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

அரிசிக் கழுநீர் அவள் கால்மேல் கொட்டியது. எட்டிப் பார்த்தாள். படிமேல் துரை நின்றது. முன்னங்காலை இன்னும் கீழே இறக்கவில்லை. திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

அது சேதுபதியின் தட்டு. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக. பிறகுதான் இருமுவான். உலகத்தில் வேறு யாரும் அப்படித் தட்டி அவள் கேட்டதில்லை. துரைக்கு அவள் அப்படிச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சொல்லிக்கொடுத்தது ஒரே சீராக மூன்று.

"அம்மா, பூனை தட்டுறதுக்கெல்லாமா தாளம் பாக்குறது?" என்று ஜெயா சிரித்தாள். அப்பா போனபோது அவளுக்கு நாலு வயசு. அவளுக்கு என்ன தெரியும்?

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை அதே மாதிரி தட்டியது. டொக் டொக், டொக். சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை. தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ, கார்டு பேச்சு வந்ததால் காதில் இல்லாததெல்லாம் கேட்கிறதோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புதன்கிழமை காலை அந்தச் சமாதானமும் போய்விட்டது. நோனா பலகைத் தடுப்பின் பக்கம் வந்து நின்றாள். வெற்றிலை போட்ட வாய், மெல்லாமல் நின்றிருந்தது.

"உன் புருஷன் வந்துட்டானா?" என்று மலாயில் கேட்டாள், மார்க்கெட்டில் மீன் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல.

"என்ன நோனா சொல்றீங்க?"

"அவன் தட்டுறது எனக்குத் தெரியாதா? எத்தன வருஷம் அந்த டின்ன நான் தட்டியிருக்கேன்." நோனா குரலைத் தாழ்த்தினாள். "ஜாங்ஙான் பூக்கா. தட்டினா திறக்காதே. பூனைக்குப் பின்னால யார் நிக்கிறாங்கன்னு உனக்குத் தெரியாது."

பொய் சொல்வானேன், சந்திரமதிக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஒன்று கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜெயாவிடம்கூட.

சேதுபதி போன அன்றைக்குக் காலையில் அவள்தான் கக்கூஸில் இருந்தாள். டொக் டொக், டொக் என்று தட்டினான். அவள் டின்னால் சுவரில் ஒரு தட்டு தட்டினாள். கொஞ்ச நேரம் நின்றான். மறுபடி தட்டினான். அவசரம்போல. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மனுஷி நிம்மதியாக உட்கார முடியவில்லையே என்று இன்னும் பலமாக ஒரு தட்டு தட்டினாள். "சரி சரி, போற வழியில பாத்துக்கறேன்" என்ற அவன் குரலும், செருப்புச் சத்தமும் கேட்டன. அவ்வளவுதான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ராஜரத்தினம் வந்து அழுதுகொண்டே சொன்னது இது: "ஒதுங்கிட்டு வரேன்னு லாலான் புல்லுக்குள்ள போனான், அக்கா. நான் ரோட்டோரம் நின்னேன். அப்பத்தான் லாரி வந்துச்சு. நான் சைக்கிளத் திருப்பிக்கிட்டு ஓடிட்டேன். திரும்பிப் பாத்தா, அவன் கைலியைக் கட்டிக்கிட்டே புல்ல விட்டு வெளிய வந்தான், புடிச்சிட்டாங்க."

அன்றைக்கு அவள் எழுந்து கதவைத் திறந்திருந்தால் அவன் வழியில் நின்றிருக்க மாட்டான். லாரி வருமுன் செங் போய்ச் சேர்ந்திருப்பான். பதினான்கு வருஷமாக இந்தக் கணக்கை அவள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், வேறு விடை வரவில்லை. அவளுக்கும் புருஷனுக்கும் கடைசியாக நடந்த பேச்சு ஒரு பால் டின் சத்தம். தாழ்ப்பாள் ஏன் வேண்டாம் என்றாள் என்று இப்போது புரிகிறதா? ஒரு நாள் அவன் வந்து தட்டினால் அந்தக் கதவு தடையில்லாமல் திறக்கவேண்டும்.

வியாழக்கிழமை வந்தது. சாயங்காலத்துக்குள் சொல்லியாகவேண்டும். ஜெயா தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். தெருவில் கொடித் தோரணம் கட்டும் சத்தம். பன்னிரண்டு மணி வெயிலில் சந்திரமதி கக்கூஸுக்குப் போனாள். துரையும் கூடவே வந்து, உள்ளே நுழைந்து, தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துகொண்டது. "உனக்கென்னடா இங்க வேல, வெக்கங்கெட்டவனே" என்று திட்டிவிட்டு, அது போகாததால் விட்டுவிட்டாள்.

உட்கார்ந்து ஒரு நிமிஷம் இருக்கும்.

டொக் டொக். டொக்.

துரை அவள் பக்கத்திலேதான் இருந்தது. அதன் முதுகு முடி குச்சி குச்சியாக எழுந்து நின்றது. கதவையே பார்த்தது. கதவின் அடிச்சந்தில் வெயில் கோடாக விழுந்திருந்தது. அதில் கால் நிழல் எதுவும் இல்லை.

சந்திரமதியின் கை பழக்கத்தில் தானாகவே டின்னை எடுத்துவிட்டது. சுவருக்குக் கிட்டே போய்விட்டது. நோனா சொன்னது காதில் ஓடியது. திறக்காதே. ஒரு தட்டு தட்டிவிட்டால் போதும், வந்தது எதுவானாலும் போய்விடும். அன்றைக்கும் அப்படித்தான் போனது.

மறுபடியும் தட்டியது. டொக் டொக். டொக். அவசரம்போல.

"ஐயோ, இருங்க, இருங்க" என்றாள் சந்திரமதி. நோனாவின் கட்டளை, மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. டின்னைக் கீழே வைத்துவிட்டு, புடவையை அள்ளிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. படி, செம்பருத்தி, காயும் துணி, வெயில். ஆனால் துரை வெளியே பார்க்கவில்லை. அதன் கண்கள் வாசற்படியில் ஆரம்பித்து, மெதுவாக, அவளுக்கும் கதவுக்கும் நடுவே நகர்ந்து, உள்ளே வந்தன. வழி விடுவதுபோலச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒரே பாய்ச்சலில் வெளியே ஓடிவிட்டது.

சந்திரமதியும் வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். படிக்குக் கீழே நின்றுகொண்டாள். செம்பருத்திக் கிளையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டின், சுவரில் ஒரு தட்டு தட்டியது. ஒன்றே ஒன்று.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. ஜெயா வந்து, தையல் பையை மாட்டிவிட்டு நேராகக் கொல்லைக்கு ஓடிவந்தாள். சந்திரமதி கையை நீட்டி மறித்தாள்.

"பொறுடி. உள்ள ஆள் இருக்கு."

"யாரு? நோனா வாசல்ல பூ கட்டுறாங்களே. துரையும் இதோ மதில் மேல இருக்கே."

"உங்கப்பா" என்றாள் சந்திரமதி. "கொஞ்சம் பொறு. நிம்மதியா போயிட்டு வரட்டும். அவர அவசரப்படுத்தாத."

ஜெயா அம்மா முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு. வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெயிலில் அப்படியே நின்றார்கள். ஒரு பத்து நிமிஷம் கழித்துக் கதவு தானாகக் கொஞ்சம் திறந்து ஆடியது, காற்று இல்லாமலே. சந்திரமதி போய் உள்ளே பார்த்தாள். பால் டின் தொட்டி விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் தரையில் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்த டின். அந்த வீட்டில் டின்னைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

நாலரை மணிக்கு நாகூர் மீரான் பாய் கடைக்குப் போனாள். மிஷின் சத்தத்தில் அவர் முதலில் கவனிக்கவில்லை. பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எப்படிப் போடட்டும், அக்கா?"

"காலஞ்சென்ற சேதுபதின்னு போடுங்க, பாய்."

பாய் கோத்து வைத்த எழுத்துத் தட்டை இழுத்தார். கை பாதியில் நின்றது. "சயாம்லேர்ந்து சேதி ஏதும் வந்துச்சா?"

"அவரே வந்துட்டுப் போனாரு. உயிரோட இருக்கிற மனுஷன்னா பாங்காக்லேர்ந்து ஒரு கடுதாசி போட்டிருப்பாரு. அவருக்குப் பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அதக் குடுத்திட்டேன்."

பாய் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தார். சந்திரமதி நின்று கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். வழியில் பண்டாரத்தைப் பார்த்து, காரியத்துக்கு நாள் குறிக்கச் சொன்னாள். அப்புறம் சீனன் இரும்புக் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள்.

ஜெயா கதவைப் பிடித்துக்கொள்ள, அவளே திருப்புளியால் முடுக்கினாள். நோனா தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். முடித்துவிட்டுச் சந்திரமதி அடுப்படிக்கு வந்து உலை வைத்தாள். தெருவில் பிள்ளைகள் மெர்டேக்கா மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கொல்லையில் துரை படியேறும் சத்தம் கேட்டது. சந்திரமதி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

டொக், டொக், டொக்.

மூன்றும் ஒரே சீராக. அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, வெறும் பூனை தட்டும் தட்டு.

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, சந்திரமதி அடுப்பு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.